ஓடச் சொன்னவரே காத்திருக்கச் சொன்னார்



குருப்பட்டம் பெற்ற நாள் முதல் இருபத்தேழு ஆண்டுகளாக ஒரு பிரசங்கத்தை நான் திரும்பத் திரும்பச் செய்து வந்திருக்கிறேன். புனித சின்னப்பர் கொரிந்து நகர விசுவாசிகளுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், கிறிஸ்தவ வாழ்வைப் பந்தய ஓட்டத்திற்கு ஒப்பிடுகிறாரல்லவா? ஓடுகிறவர் பலர், பரிசு பெறுபவர் ஒருவர், அவரும் அழிந்துபோகும் வாகைக்காகத் தம் உடலை எவ்வளவு ஒடுக்கிப் பழக்குகிறார் என்று அவர் எடுத்துக்காட்டும் பகுதி அது. அதை விளக்கி, “நீங்களும் ஓடுங்கள், தளராதீர்கள்” என்று பீடத்தருகில் நின்று எத்தனையோ முறை முழங்கியிருக்கிறேன். ஆனால் பள்ளிப் பருவத்திற்குப் பின் நான் ஒரு பர்லாங்கு தூரங்கூட ஓடியவனல்லன். ஓட்டத்தைப் பற்றிப் பேசிய நான், ஓடுகிறவர் ஒருவரை அருகிருந்து பார்த்தது 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில்தான். அதுவும் புனித சின்னப்பர் நடமாடிய கிரேக்க மண்ணிலேயே. அங்கே கற்றுக்கொண்டதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தங்கையின் கணவர் குவைத்தில் பணியாற்றுகிறார். வயது நாற்பத்தேழு. சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் கூறினார். அன்றே மனிதர் தம் வாழ்வை மாற்றிக்கொண்டார். முதலில் கடற்கரைச் சாலையில் நடந்தார். பிறகு மெதுவாக ஓடினார். பிறகு ஓட்டமே அவருக்கு வாழ்க்கையாயிற்று. காலை நான்கு மணிக்கு எழுவார். இனிப்பைத் தொடமாட்டார். பண்டிகை விருந்திலும் தம் தட்டில் அளவோடுதான் எடுத்து வைப்பார். ஏதென்ஸ் நகரில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. “தனியாகப் போகவேண்டாம், குடும்பத்தோடு போவோம். ஓட்டமும் ஆகட்டும், சின்னப்பர் போதித்த இடங்களுக்குத் திருப்பயணமும் ஆகட்டும். மச்சான், நீங்களும் அத்தையை அழைத்துக்கொண்டு வரவேண்டும்” என்று எனக்கு எழுதினார். பயணச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். அத்தனை பொருட்செலவில் ஒரு பயணம் செய்ய எனக்குக் கூச்சமாகவே இருந்தது. எழுபத்தாறு வயதான என் தாயார், “சின்னப்பர் கால்வைத்த இடத்தைப் பார்க்காமல் கண்ணை மூடச் சொல்கிறீர்களா, சாமி?” என்று கேட்டுவிட்டார். பெற்ற தாயே சாமி என்று அழைத்துக் கேட்கும்போது மறுப்பது எப்படி?

புறப்படுமுன் தங்கையிடம் தொலைபேசியில் பேசினேன். “அவர் உடம்பு தேறியது தேவன் செய்த நன்மைதான், அண்ணா. ஆனால் வீட்டில் எல்லாம் அவருடைய ஓட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. அவர் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறார், நாங்கள் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்” என்றாள். குறை கூறும் குரலன்று அது; களைத்த குரல். அதை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

மாரத்தான் என்பது ஒரு விளையாட்டின் பெயர் மட்டுமன்று. ஏதென்ஸுக்கு வடகிழக்கே கடலோரமாக உள்ள ஓர் ஊரின் பெயர். கி.மு. 490-இல் அந்தச் சமவெளியில் படையெடுத்து வந்த பாரசீகரை ஏதென்ஸ் நகரத்தார் முறியடித்தனர். வெற்றிச் செய்தியை நகருக்குச் சொல்ல ஒரு தூதன் ஓடினான் என்றும், சொல்லி முடித்ததும் விழுந்து உயிர்விட்டான் என்றும் பள்ளியில் படித்திருப்பீர்கள். அப்போருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய எரோதோத்து என்னும் வரலாற்றாசிரியர் இதைக் கூறவில்லை. போருக்கு முன் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்த்தா வரை ஓடிய தூதனைப் பற்றியே அவர் எழுதியிருக்கிறார். வெற்றிச் செய்தியோடு ஓடியவனின் கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நூல்களில்தான் காணப்படுகிறது. எனினும் அக்கதையே 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் விழாவில் மாரத்தான் ஓட்டமாக உருவெடுத்தது. அதில் வென்றவர் ஸ்பிரிதோன் லூயிஸ் என்ற கிரேக்கர். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். அன்று தூரம் சுமார் 40 கிலோமீட்டர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டரே 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

ஓட்டத்திற்கு முந்தின நாளாகிய சனிக்கிழமை காலையில் அரயோபாகு குன்றுக்குச் சென்றோம். அக்ரோபொலிஸ் கோட்டைக்குச் சற்றுக் கீழே நிற்கும் வெறும் பாறைக் குன்று அது. நூற்றாண்டுகளாக மனிதர் மிதித்து மிதித்துப் பாறை வழவழப்பாகிவிட்டது. பலிபீடங்களுக்குப் பஞ்சமில்லாத அந்நகரில், அறியாத தெய்வத்திற்கென்று ஒரு பீடம் இருப்பதைக் கண்ட சின்னப்பர், அதையே தொடக்கமாகக் கொண்டு அரயோபாகு மன்றத்தார் முன் உயிருள்ள கடவுளை அறிவித்தார். குன்றின் அடிவாரத்தில் அவ்வுரை கிரேக்க மொழியில் வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கு வந்து, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரோடு நின்றார். கத்தோலிக்கர் ஆர்த்தடாக்ஸ் சகோதரருக்குக் கடந்த காலங்களில் இழைத்த தீங்குகளுக்காக அவர் அப்பயணத்தில் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார்.

குழந்தைகள் இருவரும் தந்தையோடு குன்றேறினார்கள். என் தாயாருக்கு முழங்கால் வலி. “நான் கீழேயே இருக்கிறேன். இந்தப் பலகையைத் தொட்டுக்கொண்டு ஒரு பத்துமணி சொன்னால் போதும்” என்றார். நானும் தங்கையும் அவரோடு நின்றோம். சற்று நேரத்தில் மேலிருந்து மைத்துனர் இறங்கி வந்து, “இன்று அதிகம் நிற்கக்கூடாது, நாளைக்குக் கால் வேண்டும்” என்று சொல்லி, ஒரு வண்டி பிடித்து விடுதிக்குப் போய்விட்டார். எஞ்சிய இடங்களை நாங்கள் ஐவரும் பார்த்தோம்.

மறுநாள் விடியுமுன்பே ஓட்டக்காரர்கள் பேருந்துகளில் மாரத்தான் ஊருக்குப் புறப்பட வேண்டும். ஆகவே ஞாயிறு கடனைத் தீர்க்கச் சனி மாலையே புனித தியோனீசியுஸ் பேராலயத்திற்குத் திருப்பலிக்குப் போனோம். அரயோபாகு மன்றத்தில் சின்னப்பரின் உரையைக் கேட்டு மனந்திரும்பிய அதே தியோனீசியுஸின் பெயரால் அமைந்த கத்தோலிக்கப் பேராலயம் அது. 1865-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. 2021 டிசம்பரில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் இங்கு வந்து குருக்களையும் துறவியரையும் சந்தித்திருக்கிறார். திருப்பலி கிரேக்க மொழியில் நடந்தது. மொழி விளங்காவிடினும் வாசகம் இன்னதென்று தெரியும்: அது பொதுக்காலம் 32-ஆம் ஞாயிறு, காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகள் போட்ட ஏழைக் கைம்பெண்ணின் நற்செய்தி. மற்றவர் தமக்கு மிஞ்சியதிலிருந்து போட்டனர். அவளோ தன் பிழைப்புக்கு இருந்ததையே போட்டாள் என்று ஆண்டவர் சுட்டிக்காட்டிய பகுதி. அதைக் காசைப் பற்றிய நற்செய்தியாகவே நான் எப்போதும் விளக்கி வந்திருக்கிறேன். அன்று அருகில் அமர்ந்திருந்த மைத்துனர் நெஞ்சில் சிலுவை வரைந்து மனமுருகி வேண்டிக்கொண்டிருந்தார். நாளைய ஓட்டத்திற்காக என்று எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 10. ஓட்டம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். வழி எளிதானதன்று. ஐந்தாவது கிலோமீட்டர் அளவில், போரில் மாண்ட 192 ஏதென்ஸ் வீரர்கள் அடக்கம் செய்யப்பட்ட மண்மேட்டைச் சுற்றி வருகிறார்கள். பத்தாவது கிலோமீட்டருக்குப் பின் சாலை ஏறத் தொடங்குகிறது; இடையிடையே தாழ்ந்தாலும் 31-ஆவது கிலோமீட்டர் வரையில் ஏற்றமே. அதன்பின் நகரை நோக்கி இறக்கம். வழிநெடுக ஊர் மக்கள் நின்று கைதட்டுகிறார்கள். ஒலிவக் கிளைகளை நீட்டுகிறார்கள். முடிவுக் கோடு 1896-இல் லூயிஸ் ஓடி நுழைந்த அதே பளிங்கு அரங்கத்தில்.

அரங்கத்தில் கூட்டம் மிகுதியாயிருக்கும் என்பதால் அதற்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்பாக, எவாங்கெலிஸ்மோஸ் என்ற சுரங்க இரயில் நிலையத்தருகில் நாங்கள் இடம் பிடித்தோம். அப்பெயருக்கு ‘மங்கள வார்த்தை’ என்பது பொருள் என்று தாயாரிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டச் சொன்னார். மணி பன்னிரண்டு ஆக இரண்டு நிமிடம். “மங்கள வார்த்தைத் தெருவில் மூவேளைச் செபம் சொல்லாமல் இருக்கலாமா?” என்றார். அந்த ஆரவாரத்தின் நடுவே நாங்கள் ஐவரும் தமிழில் சொல்லி முடித்தோம். பக்கத்தில் நின்ற கிரேக்கப் பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்துத் தம் முறைப்படி சிலுவை வரைந்துகொண்டார்.

பதினொரு வயதான என் மருமகள் முந்தின இரவு உறங்காமல் ஓர் அட்டை எழுதியிருந்தாள். பெரிய தமிழ் எழுத்துகளில், “அப்பா, வாங்க!” சுற்றிலும் நான்கு வண்ணங்களில் பூக்கள். கை நோகும் என்று சொல்லியும் கேளாமல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளுடைய அண்ணன் பதினாறு வயதுப் பையன். ஒவ்வொரு பச்சைச் சட்டையையும் பார்த்து, “அப்பா இல்லை, அப்பா இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்குச் சற்று முன் அவர் வந்தார். எங்கள் பக்கமாகவே, கைநீட்டினால் தொடும் தூரத்தில் வந்தார். “அப்பா!” என்று குழந்தை கத்தினாள். அந்தக் கணத்தில் அவர் தம் இடக்கையை உயர்த்தி மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தபடியே எங்களைக் கடந்து போனார். பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சில அடிகள் கூடவே ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அவ்வளவுதான்.

அரங்கத்திற்கு வெளியே அவரைக் கண்டோம். கழுத்தில் பதக்கம், உதட்டில் உப்புப் பூத்திருந்தது. எங்களைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “நான்கு மணி நாற்பத்தொரு நிமிடம். நான்கரைக்குள் முடித்திருக்க வேண்டும். பதினொரு நிமிடம் போய்விட்டது.” தங்கை தண்ணீர் கொடுத்தாள். தாயார் அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அன்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் இரவில், இரண்டு காசு போட்ட கைம்பெண் என் நினைவை விட்டு அகலவில்லை. அந்த மனிதர் தம் குடும்பத்தை நேசியாதவரல்லர். அவர்களுக்காகவே அயல்நாட்டில் உழைப்பவர். ஆனால் நாளின் முதற்பகுதியையும், உடலின் பலத்தையும், உள்ளத்தின் கவனத்தையும் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை அவர்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறார். காணிக்கைப் பெட்டியில் போடுவது காசு மட்டும்தானா?

புதன்கிழமை கொரிந்துக்குப் புறப்பட்டோம். ஏதென்ஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஓட்டம் முடிந்து மூன்று நாளாகியும் மைத்துனரின் தொடைகள் மரத்துப் போயிருந்தன. படியேறுவது கூடும், இறங்குவதுதான் கூடவில்லை. விடுதிப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். அதைக் கண்ட என் தாயார், “வாருங்கள் மாப்பிள்ளை, இன்று நீங்களும் நானும் ஒரே வயது” என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று முழுவதும் அவ்விருவரும் கைகோத்து நடந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் மாமியாரின் நடைக்கு ஒத்து நடந்தது அன்றைக்குத்தான், வேறு வழியில்லாமல்தான். ஆனாலும் நடந்தார். நடக்கையில் பேசினார்கள். என் தந்தையார் மறைந்த ஆண்டின் துயரங்களைத் தாயார் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்ததை நான் பின்னாலிருந்து கேட்டேன்.

பழைய கொரிந்து இன்று இடிபாடுகளாகக் கிடக்கிறது. சந்தைவெளியின் நடுவே உயர்ந்த கல்மேடை ஒன்று இருக்கிறது. அங்கேதான் உரோமை ஆளுநன் கல்லியோவின் முன் சின்னப்பரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனோ வழக்கைக் கேட்கவே மறுத்துவிட்டான். தெல்பி என்னும் ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்றால் கல்லியோ கி.பி. 51-ஐ ஒட்டி அங்கு ஆளுநனாக இருந்தான் என்பது தெரிகிறது. சின்னப்பரின் வாழ்க்கையில் காலத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக்கூடிய நிகழ்ச்சிகள் வேறு மிகச் சிலவே.

இந்நகரில் அவர் பதினெட்டு மாதங்கள் தங்கினார். எங்கே தங்கினார்? ஒரு குடும்பத்தில். உரோமையிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது அங்கிருந்து வந்த அக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற கணவன் மனைவியின் வீட்டில். கூடாரம் செய்வது மூவருக்கும் பொதுவான தொழில். புதிய ஏற்பாட்டில் இத்தம்பதியரின் பெயர் ஆறு இடங்களில் வருகிறது. ஓரிடத்திலும் ஒருவர் பெயர் தனியாக வருவதில்லை. அவற்றுள் நான்கில் மனைவியின் பெயரே முதலில் நிற்கிறது. ஒருவரை விட்டு ஒருவர் முன்னே ஓடிவிடாத இல்லறம் அது. அவர்கள் இல்லமே திருச்சபை கூடும் இடமாகவும் இருந்தது.

அங்கிருந்து கிழக்கே சற்றுத் தூரத்தில் இஸ்த்மியா. 1893-இல் வெட்டி முடிக்கப்பட்ட கொரிந்துக் கால்வாய்க்கு அருகில் உள்ளது. இரண்டாண்டுகளுக்கொரு முறை இங்கு பெரும் விளையாட்டு விழா நடந்து வந்தது. கி.பி. 51-இல் நடந்த விழாவின்போது சின்னப்பர் கொரிந்திலேயே இருந்திருக்கக்கூடும். வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்கு வேண்டிய கூடாரங்களை அவர் தைத்திருக்கவும் கூடும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வென்றவருக்குக் கிடைத்தது பொன்னன்று. பைன் மரத்தழையால் ஆன முடி, அல்லது காட்டுச் செலரி என்னும் கீரைத்தழையால் ஆன முடி. அந்தக் கீரைத்தழையையும் வாடிய பிறகே முடியாகக் கட்டினார்களாம். அழியும் வாகை என்று அப்போஸ்தலர் எழுதியது வெறும் உவமையன்று. சூட்டும்போதே வாடியிருந்த முடியைக் கொரிந்தியர் கண்ணால் கண்டிருந்தார்கள்.

சின்னப்பர் காலத்திற்கும் முந்திய பழைய ஓட்டக்களம் ஒன்றின் தொடக்கக் கோடு அங்கே வெளிப்பட்டிருக்கிறது. முக்கோண வடிவான கல்தளம். அதன் ஒரு முனையில் ஒருவன் நிற்கும் அளவுக்குக் குழி. அக்குழியிலிருந்து விசிறிபோல் கல்லில் பள்ளக்கோடுகள் விரிந்து செல்கின்றன. அவற்றின் வழியே கயிறுகள் ஓடின. குழியில் நின்றவன் கயிறுகளை விட்டதும் பதினாறு ஓட்டக்காரர்களின் முன்னும் இருந்த தடைகள் ஒருசேர விழும். ஒருவரும் மற்றவரை முந்திப் புறப்படாதிருக்க அன்று கண்ட வழி அது.

பையன் அக்கோட்டில் நின்று, “அப்பா, பந்தயம் வைக்கலாமா? இன்றைக்கு உங்களை நான் ஜெயித்துவிடுவேன்” என்று விளையாட்டாகச் சொன்னான். மைத்துனர் சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்து, “நீயும் வா அம்மா” என்றார். அவள் அசையவில்லை. தரையைப் பார்த்தபடி, “நீங்கள் எங்களைப் பார்க்கவே இல்லை, அப்பா” என்றாள்.

“எப்போது?”

“ஞாயிற்றுக்கிழமை. நான் கத்தினேன். நீங்கள் மணி பார்த்தீர்கள்.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். நிலையத்தருகில் என்று தங்கை சொன்னாள். அட்டை எழுதிப் பிடித்திருந்ததையும் சொன்னாள். “அந்த அட்டை எங்கே?” என்று மகளிடம் கேட்டார்.

“குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன்.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் கல்தளத்தின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்து, “நான் எதைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன், மச்சான்?” என்றார். விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தாயார்தான் அவர் அருகில் சிரமப்பட்டு உட்கார்ந்து, பேத்தியையும் இழுத்துத் தம்மருகே அமர்த்திக்கொண்டார். மூவரும் அப்படியே இருந்தார்கள்.

அன்புக்குரியவர்களே, அன்றிரவு விடுதியில் அத்திருமுகத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். இருபத்தேழு ஆண்டுகளாக ஒன்பதாம் அதிகாரத்தின் இறுதியை மட்டும் எடுத்துப் பிரசங்கித்தவன், அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைச் சேர்த்துப் பார்த்தேன். முன்னே எட்டாம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது? தனக்கு உரிமை உண்டென்பதற்காக ஒருவன் நடந்துகொள்ளும் விதம் பலவீனமான சகோதரனுக்கு இடறலாகுமானால், அந்த உரிமையையே விட்டுவிட வேண்டும் என்று அப்போஸ்தலர் கூறுகிறார். ஒன்பதாம் அதிகாரத்தில், தமக்கே உரிய உரிமைகளை மற்றவர் நன்மைக்காகத் தாம் எப்படி விட்டுக்கொடுத்தார் என்று எழுதுகிறார். அதன் முடிவில்தான் ஓட்டத்தின் உவமை வருகிறது. அப்படியானால் அவர் கேட்கும் தன்னடக்கம் எதற்காக? மற்றவரை முந்துவதற்காகவன்று; மற்றவருக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்ளும் வலிமை பெறுவதற்காக.

பின்னே பதினோராம் அதிகாரத்திற்கு வாருங்கள். ஆண்டவரின் விருந்துக்காகக் கொரிந்தியர் கூடிவந்தபோது, வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டனர். இல்லாதவர் பசியோடு நின்றனர். உழைத்துவிட்டுத் தாமதமாக வந்த எளியோர்க்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று விளக்கவுரையாளர் கூறுவர். சின்னப்பருக்கு வந்த கோபம் சிறிதன்று. அங்கே அவர் தரும் கட்டளை எது தெரியுமா? உண்ணக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதே. ஓடச் சொன்ன அதே அப்போஸ்தலர், அதே மடலில், இரண்டே அதிகாரம் தள்ளிக் காத்திருக்கச் சொல்கிறார்! நான் முதலாவதைப் பிரசங்கித்தேன், இரண்டாவதை மறந்தேன்.

விளையாட்டில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்க வேண்டும். விசுவாச ஓட்டம் அப்படிப்பட்டதன்று. அதில் பின்தங்கினவரை விட்டுவிட்டு முதலில் வருகிறவருக்கு முடி இல்லை. ஆகஸ்டு மாத இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குழுக்களைப் பார்த்திருக்கிறீர்கள். கால் கொப்பளித்தவரை மற்றவர் விட்டுப் போவதில்லை; மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்து சேர்ந்தே போகிறார்கள். குடும்பம் என்பதும் அத்தகைய திருப்பயணமே. அதன் வேகத்தைக் குறிப்பது மிக மெதுவாக நடக்கிறவரின் கால்.

ஓடுவதை நான் குறைகூறவில்லை. உடல் கடவுள் தந்த ஆலயம். அதைப் பேணுவது கடமை. 2019-இல் வத்திக்கான் நகரிலேயே குருக்களும் கன்னியரும் காவலரும் சேர்ந்து ஓடும் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதிகாலையில் எழும் அந்த ஒழுங்கை நம்மில் பலர் கற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் ஓட்டம் இருக்கிறது. ஒருவருக்கு வியாபாரம், ஒருவருக்குப் பதவி, பிள்ளைகளுக்கு மதிப்பெண், சிலருக்கு, சொல்ல வெட்கமாயிருப்பினும், சபைகளிலும் சங்கங்களிலும் செய்யும் கோவில் பணியேகூட. நல்ல காரியந்தான். அதில் ஓடும்போது, அருகில் அட்டை பிடித்து நிற்பவர் யார் என்பதைக் காண்கிறோமா?

பிறரைக் கேட்குமுன் என்னையே கேட்டுக்கொண்டேன். ஞாயிறு மூன்றாம் பூசை முடிந்து, சாக்ரிஸ்தியில் உடை மாற்றும் வேளையில், “சாமி, ஒரு வார்த்தை” என்று வந்து நிற்கும் மூதாட்டிகள் எத்தனை பேர்! அவர்கள் பேசத் தொடங்கும்போது நான் பார்த்தது எதை? சுவர்க் கடிகாரத்தை. கூப்பிட்ட குரலை விட்டு மணியைப் பார்த்தவர் என் மைத்துனர் ஒருவர் மட்டுமல்லர்.

ஆகவே இம்மாதம் ஒரு சிறு காரியம் செய்வோம். கிரேக்க நாட்டுக்குப் போகவேண்டியதில்லை, செலவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒருவேளை உணவு, வீட்டின் கடைசி ஆள் வந்து உட்காரும்வரை ஒருவரும் தட்டில் கை வைக்காதிருப்போம். வேலை முடிந்து தாமதமாக வரும் தந்தைக்காகப் பிள்ளைகள் காத்திருக்கட்டும். அடுப்படியிலிருந்து கடைசியில் வரும் தாய்க்காக எல்லோரும் காத்திருக்கட்டும். மெல்ல நடந்து வரும் பாட்டிக்காகவும் காத்திருக்கட்டும். எல்லோரும் அமர்ந்தபின் சிலுவை வரைந்து உண்போம். அக்காத்திருப்பின் சில நிமிடங்களில் கைபேசி வேண்டாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். கொரிந்தியரால் முடியாமற்போனதை நாம் செய்து பார்ப்போம்.

தங்கையின் வீட்டுச் செய்தியைக் கேட்பீர்கள். மைத்துனர் ஓட்டத்தை விடவில்லை. விடவும் வேண்டாம் என்றேன். ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறையில், திருப்பலிக்குப் பின் மாலையில், குடும்பமாகக் கடற்கரைச் சாலையில் நடக்கிறார்கள். அன்று கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறாராம். ஒரு முறை கட்டிக்கொண்டு புறப்பட்டபோது, மகள் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாளாம். அவரும் ஒன்றும் சொல்லாமல் கழற்றிக் கொடுத்தாராம். அந்த அட்டை திரும்பக் கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று எழுதித் தரும்படி அவர் கேட்டிருக்கிறார். “பார்க்கலாம்” என்றிருக்கிறாள் அவள். அவர் காத்திருக்கிறார்.

ஓட்டத்தின் முடிவில் நமக்காக நின்று காத்திருக்கும் ஆண்டவர், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் பொறுமையை உங்கள் இல்லங்களுக்கு அருள்வாராக.